கடைசி மாதவிடாய் எப்போது? ஸ்கான் அறிக்கையில் வெறுமையாக விடப்படும் கேள்வி

வெள்ளவத்தையில் மாலை வேளையில் காலி வீதியோரம் நடப்பவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. பெரிய உறையொன்றைக் கையில் பிடித்தபடி ஆய்வுகூடத்திலிருந்து இறங்கி வரும் பெண்கள். சிலர் படியிலேயே நின்று உறையைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே கறுப்பு வெள்ளையில் புகைமூட்டம் போன்ற படங்களும், ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வரிகளும் இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் அது முழுதாக விளங்குவதில்லை. வைத்தியரை சனல் செய்த நாள் வரும்வரை அந்த உறை வீட்டில் ஒரு பயமாகவே கிடக்கும்.

என் சித்தியும் அப்படியோர் உறையோடுதான் வந்தார். வயது 41. கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, காலையிலேயே ஸ்கான் எடுத்து முடித்திருந்தார். சில மாதங்களாக மாதவிடாயின்போது இரத்தப்போக்கு அதிகம் என்பதால் ஊரிலுள்ள வைத்தியர் எடுத்துவரச் சொல்லியிருந்தார். கருப்பையின் உட்படலம் 14 மில்லிமீற்றர், ‘தடிப்படைந்துள்ளது’ என்று அறிக்கை சொன்னது. மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். “பிள்ளை, இது கான்சரோ?” என்று சித்தி என்னிடம் கேட்டார்.

மூன்று நாள் கழித்துச் சந்தித்த பெண்நோயியல் நிபுணர் படத்தைப் பார்ப்பதற்கு முன்னர் ஒரு கேள்விதான் கேட்டார்: கடைசி மாதவிடாய் தொடங்கியது எந்தத் திகதி? சித்தி விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஸ்கான் எடுத்த நாள் அவருடைய மாதச் சுழற்சியின் 23ஆம் நாள். “அந்த நாளில் 14 மில்லிமீற்றர் இருப்பது வழமைதான். ஆனால் இரத்தப்போக்குக்குக் காரணம் தேடத்தான் வேண்டும். அடுத்த மாதவிடாய் முடிந்தவுடன் இன்னொரு தடவை பார்ப்போம்” என்றார் வைத்தியர். அறிக்கையின் மேற்பகுதியில் அந்தத் திகதிக்கென்று ஓர் இடம் இருந்தது. அது நிரப்பப்படாமல் இருந்தது.

ஈரல், சிறுநீரகம் போன்றவற்றின் உருவம் நாளுக்கு நாள் இப்படி மாறுவதில்லை. கருப்பையும் சூலகமும் மாதம் முழுவதும் மாறிக்கொண்டேயிருக்கின்றன. ஸ்கான் காட்டுவது அந்த மாற்றத்தின் ஒரு நாளை மட்டும்தான். எந்த நாள் என்று தெரியாமல் வாசித்தால் நலமான உடல் நோயாகத் தெரியலாம், இருக்கும் நோய் மறைந்தும் போகலாம். அந்த நாளைச் சொல்லக்கூடியவர் படுக்கையில் படுத்திருக்கும் பெண் மட்டுமே.

ஒலியால் வரையும் படம்

அல்ட்ராசவுண்டை நமது பாடப்புத்தகங்கள் ‘கழியொலி’ என்கின்றன. மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிதான் கேட்கும். ஸ்கான் கருவி அனுப்பும் ஒலி அதைவிடப் பல மடங்கு உயர்ந்தது. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும்போது பொதுவாக 2 முதல் 5 மெகாஹேர்ட்ஸ், யோனி வழியாக எடுக்கும்போது 5 முதல் 9 மெகாஹேர்ட்ஸ். இந்த ஒலி உடலின் மென்மையான இழையங்களில் செக்கனுக்குச் சுமார் 1,540 மீற்றர் வேகத்தில் செல்கிறது. இரண்டு இழையங்கள் சந்திக்கும் எல்லையில் பட்டு அதில் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிட்டுப் புள்ளிகளாக வரைகிறது. நீர் கறுப்பாகத் தெரியும். அடர்த்தியான இடங்கள் வெளுப்பாகத் தெரியும்.

இதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை, காந்தமும் இல்லை. அதனால் ஒரே பெண்ணுக்கு ஒரே மாதத்தில் பல தடவை எடுக்க முடிகிறது. கருப்பை மாதம் முழுவதும் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறுவைச் சிகிச்சையின்றி, உயிருள்ள உடலிலேயே தொடர்ந்து பார்க்க முடிந்தது இதனால்தான்.

பெண்நோயியலுக்கு இந்தக் கருவி வந்த கதை ஸ்கொட்லாந்தில் தொடங்குகிறது. கிளாஸ்கோவில் பணியாற்றிய இயன் டொனால்ட் இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படையில் வைத்தியராக இருந்தவர். தொழிற்சாலைகளில் உலோகத்தில் உள்ள வெடிப்புகளைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட ஒலிக்கருவியைக் கொண்டு வயிற்றுக் கட்டிகளைப் பார்க்க முடியுமா என்று அவர் முயன்றார். பொறியியலாளர் டொம் பிரவுண், வைத்தியர் ஜோன் மக்விகார் ஆகியோரோடு சேர்ந்து 1958 ஜூனில் ‘லான்செற்’ மருத்துவச் சஞ்சிகையில் தங்கள் கட்டுரையை வெளியிட்டார். இனி ஒன்றும் செய்ய முடியாத வயிற்றுப் புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது சூலகத்தில் வளர்ந்த பெரிய நீர்க்கட்டி என்பதை அவர்களுடைய ஸ்கான் காட்டியது. கட்டி அகற்றப்பட்டது.

1970களில் ஆஸ்திரிய, ஜேர்மனிய ஆய்வாளர்கள் சூலகத்தையும் அதில் சூல் வளர்வதையும் ஸ்கானில் பின்தொடரத் தொடங்கினர். 1980களில் யோனி வழி ஸ்கான் பரவிய பின்னர் உட்படலத்தை மில்லிமீற்றர் கணக்கில் அளப்பது அன்றாட வேலையாயிற்று.

ஒரு மாதம், நான்கு படங்கள்

இரத்தப்போக்கு தொடங்கும் நாளே முதலாம் நாள். 28 நாள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஒரு மாதவிடாயின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை 24 முதல் 38 நாள் இருப்பதையும், இரத்தப்போக்கு 8 நாள் வரை நீடிப்பதையும் சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் கூட்டமைப்பு வழமையானவை என்றே கொள்கிறது. கீழே வரும் நாட்கள் 28 நாள் சுழற்சிக்கு உரியவை. உங்கள் சுழற்சி நீண்டதாக இருந்தால் நாட்களும் தள்ளிப் போகும்.

முதற் படம், 1 முதல் 4ஆம் நாள் வரை. உட்படலம் உதிர்ந்துகொண்டிருக்கிறது. எஞ்சியிருப்பது 1 முதல் 4 மில்லிமீற்றர் மெல்லிய கோடு. கருப்பைக்குள் சிறிது இரத்தமும் தெரியலாம். சூலகங்களில் சில மில்லிமீற்றர் அளவான சிறு நீர்ப்பைகள் பல இருக்கும். ஃபொலிக்கிள் என்று அறிக்கை சொல்வது இவற்றைத்தான்.

இரண்டாம் படம், 5 முதல் 13ஆம் நாள் வரை. ஈஸ்திரஜன் ஓமோனின் தூண்டலால் உட்படலம் மீண்டும் வளர்கிறது. முதலில் 5 முதல் 7 மில்லிமீற்றர், சூல் வெளியேறும் நாள் நெருங்கும்போது 11 மில்லிமீற்றர் வரை. இப்போது அது மூன்று வெளுப்புக் கோடுகளும் அவற்றுக்கிடையே இருண்ட இடமுமாகத் தெரியும். சூலகத்தில் ஒரு ஃபொலிக்கிள் மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வீதம் வளரும்.

மூன்றாம் படம், 14ஆம் நாளை அண்டி. ஏறத்தாழ 18 முதல் 25 மில்லிமீற்றர் வரை வளர்ந்த ஃபொலிக்கிள் உடைந்து சூல் வெளியேறுகிறது. நேற்று உருண்டையாக இருந்த நீர்ப்பை இன்று சுருங்கியிருக்கும் அல்லது காணாமல் போயிருக்கும். கருப்பைக்குப் பின்னால் சிறிது நீர் தேங்கியிருக்கும். பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருப்பவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கானுக்கு அழைக்கப்படுவது இந்தக் கணத்தைப் பிடிப்பதற்காகத்தான்.

நான்காம் படம், 15 முதல் 28ஆம் நாள் வரை. உடைந்த ஃபொலிக்கிள் மஞ்சட்சடலமாக மாறிப் புரொஜெஸ்தரோன் ஓமோனைச் சுரக்கிறது. உட்படலம் 7 முதல் 16 மில்லிமீற்றர் வரை தடித்து, மூன்று கோடுகள் மறைந்து, முழுவதும் வெளுப்பாகத் தெரியும். கரு தங்காவிட்டால் ஓமோன் குறைந்து, அது உதிர்ந்து, மீண்டும் முதற் படம் வரும்.

சித்தியின் 14 மில்லிமீற்றர் நான்காம் படத்துக்கு உரியது. அதே அளவு நான்காம் நாளில் இருந்திருந்தால் வைத்தியர் வேறு கேள்விகள் கேட்டிருப்பார். மாதவிடாய் முற்றாக நின்ற பின்னர் இரத்தம் பட்ட ஒரு பெண்ணில் அது இருந்திருந்தால் தாமதமின்றி இழையப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார். மாதவிடாய் நின்ற பின் இரத்தம் பட்டவர்களில் 4 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பே மேலதிகப் பரிசோதனையைக் கோருகிறது. எண் ஒன்றுதான். யாருடையது, எந்த நாளுக்குரியது என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது.

கருப்பை அசைகிறது

கருப்பை பிள்ளைப்பேற்றின்போது மட்டும் சுருங்கி விரியும் உறுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறோம். யோனி வழி ஸ்கான் கருவியைச் சில நிமிடங்கள் அசைக்காமல் பிடித்து, பதிவை வேகமாக ஓட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். உட்படலத்தை ஒட்டிய மெல்லிய தசைப்பகுதி மாதம் முழுவதும் அலை அலையாக அசைந்துகொண்டிருக்கிறது. அந்த அலைகளின் திசையும் நாளுக்கேற்ப மாறுகிறது.

மாதவிடாய் நாட்களில் அலை மேலிருந்து கருப்பைக் கழுத்தை நோக்கி இறங்கி, உதிர்ந்ததை வெளியே தள்ளுகிறது. இரத்தப்போக்கு நின்ற பின்னர் திசை பெரும்பாலும் தலைகீழாகி, அலைகள் கீழிருந்து மேலே போகின்றன. சூல் வெளியேறும் நாள் நெருங்கும்போது அவை நிமிடத்துக்கு இரண்டு மூன்று என்று விரைவடைகின்றன. விந்தணுக்கள் மேலே செல்ல இது துணைசெய்கிறது என்று கருதப்படுகிறது. சூல் வெளியேறியதும் புரொஜெஸ்தரோன் இந்த அசைவை அடக்கிவிடுகிறது. கரு வந்து தங்குவதற்கான அமைதி அது.

வழமையான ஸ்கான் அறிக்கையில் இந்த அசைவுகள் எழுதப்படுவதில்லை. ஆனால் மாதவிடாய் வலியைப் புரிந்துகொள்வதற்கு இந்த அறிவு உதவுகிறது. உதிரும் உட்படலத்திலிருந்து வெளியாகும் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் கருப்பைத் தசையை இறுக்கிச் சுருங்க வைக்கிறது. அந்த இறுக்கத்தில் தசைக்குப் போகும் இரத்தம் குறைய, வலி எடுக்கிறது. ஐபுபுறோஃபென் போன்ற மாத்திரைகள் வேலை செய்வது இந்தப் பொருளின் உற்பத்தியைக் குறைப்பதன் மூலம். அல்சர், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அவற்றை எடுக்கக்கூடாது. ‘பொம்பிளையெண்டால் தாங்கத்தானே வேணும்’ என்று சொல்லப்படும் வலிக்கு, பார்க்கவும் அளக்கவும் கூடிய ஒரு காரணம் இருக்கிறது.

எந்தக் கேள்விக்கு எந்த நாள்?

வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ கொழும்புக்கு வருகிற ஒரு பெண்ணுக்கு ஸ்கான் என்பது ஒரு நாள் கூலியும், இரண்டு இரவு பஸ்ஸும், தங்குவதற்கு உறவினர் வீடும் சேர்ந்த விடயம். பிழையான நாளில் வந்தால் எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்ய வேண்டும். அதனால் பஸ்ஸுக்குப் பதிவதற்கு முன்னரே வைத்தியரிடம் கேட்க வேண்டியது: “மாதவிடாய் தொடங்கி எத்தனையாம் நாள் வரவேண்டும்?”

பொது விதிகள் இவை. இரத்தப்போக்கு அதிகம், பொலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சி இருக்கலாம் என்ற சந்தேகம் என்றால், மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குள், ஏறத்தாழ 5 முதல் 10ஆம் நாளுக்குள் பார்ப்பது நல்லது. உட்படலம் அப்போது மெல்லியதாக இருப்பதால் சிறு வளர்ச்சிகளும் மறையாமல் தெரியும். கருப்பைக்குள் உப்புநீர் செலுத்திப் பார்க்கும் ஸ்கானுக்கும் இதே நாட்கள்தான். பிள்ளைப்பேற்றுச் சிகிச்சையில் ஃபொலிக்கிள்களை எண்ணுவது 2 முதல் 5ஆம் நாளுக்குள். கருப்பையின் உட்குழியில் பிறவியிலேயே தடுப்பு இருக்கிறதா என்று முப்பரிமாண ஸ்கானில் பார்ப்பதற்கு, உட்படலம் தடித்து வெளுத்திருக்கும் பிற்பகுதி நாட்கள் வசதியானவை. ஃபைப்ரொயிட் எனப்படும் தசைக் கட்டிகளை எந்த நாளிலும் பார்க்கலாம்.

இரத்தம் போய்க்கொண்டிருக்கும் நாளில் ஸ்கான் எடுக்கக்கூடாது என்றொரு நம்பிக்கை உண்டு. துடக்கு நாளில் வைத்தியர் முன் போவது கூச்சமாக இருக்கலாம். ஆனால் மருத்துவத் தடை எதுவும் இல்லை. கடுமையான வலி, மயக்கம், கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு, கர்ப்பம் பற்றிய சந்தேகம் ஆகியவற்றுக்கு நாள் பார்க்கவே கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வயிற்றின் மேலாக எடுப்பதற்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பிய பை குடலை மேலே ஒதுக்கி, ஒலி போவதற்கு வழிவிடுகிறது. யோனி வழியாக எடுப்பதற்கு அது வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டில் எது என்று முன்கூட்டியே கேட்டால் வீணாக மூன்று நான்கு கப் தண்ணீர் குடித்துத் தவிக்க வேண்டியதில்லை.

பயமுறுத்தும் சொற்கள்

அறிக்கைகளில் அடிக்கடி வருகிற, ஆனால் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாத சில சொற்கள் உண்டு.

‘எல்.எம்.பி.’ என்பது கடைசி மாதவிடாயின் முதலாம் நாள். இது வெறுமையாக இருந்தால் நீங்களே சொல்லி எழுதுவியுங்கள். ‘ஈ.ரி.’ என்பது உட்படலத்தின் தடிப்பு. ‘ரெற்றோவேர்ட்டட்’ என்றால் கருப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். ஏறத்தாழ ஐந்து பெண்களில் ஒருவருக்கு அப்படித்தான் இருக்கும், தனியே அது நோயல்ல. ‘பி.ஓ.டி.யில் சிறிதளவு திரவம்’ என்பது கருப்பைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் தேங்கிய நீர். சூல் வெளியேறிய நாட்களில் இது எதிர்பார்க்கப்படுவது.

‘சிஸ்ற்’ என்ற சொல்தான் அதிகம் பயமுறுத்துகிறது. மாதவிடாய் நிற்காத பெண்ணின் சூலகத்தில் 2 சென்ரிமீற்றர் நீர்ப்பை என்பது அந்த மாதத்துச் சூலாகவே இருக்கலாம். 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த, உள்ளே திண்மப் பகுதியில்லாத சாதாரண நீர்க்கட்டிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று சுழற்சிகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். மஞ்சட்சடலத்துக்குள் இரத்தம் கசிந்தால் ஸ்கானில் அது குழப்பமான கட்டி போலத் தோன்றும். அதனால்தான் வைத்தியர்கள் ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்கிறார்கள். இரண்டாவது படத்தில் அது இல்லாமல் போயிருந்தால் கதை முடிந்தது.

சாமத்தியப்பட்டு இரண்டு மூன்று வருடங்களேயான பிள்ளைகளுக்கு ஸ்கான் எடுத்து ‘பி.சி.ஓ.எஸ்.’ என்று முத்திரை குத்துவதும் நடக்கிறது. வளரும் வயதில் சூலகத்தில் நிறைய ஃபொலிக்கிள்கள் இருப்பது இயல்பு. முதல் மாதவிடாயிலிருந்து எட்டு வருடங்களுக்குள் இந்த நோயை நிர்ணயிக்க ஸ்கானைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது. ஒரு படத்தை வைத்து ஒரு பிள்ளையின் கலியாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் பற்றிப் பேசத் தொடங்கும் வீடுகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

‘ஸ்கானில் ஒன்றுமில்லை’

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. தாங்க முடியாத வலியோடு போகிற பெண்ணிடம் ஸ்கான் நன்றாக இருக்கிறது என்று சொல்லப்பட்டதும், வலி அவளுடைய மனதில்தான் இருக்கிறது என்று வீடு முடிவெடுத்துவிடுகிறது.

எண்டோமெற்றியோசிஸ் இதற்கு நல்ல உதாரணம். கருப்பையின் உட்படலத்தைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்ந்து வலி தரும் நோய் இது. பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதமானோரை இது பாதிக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூலகத்தில் இரத்தம் தேங்கிக் கட்டியானால் ஸ்கானில் தெரியும். வயிற்றறையின் மேற்பரப்பில் மெல்லிதாகப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் தெரியாது. ஸ்கான் வழமையாக இருப்பதால் மட்டும் இந்த நோய் இல்லையென்று சொல்லிவிட முடியாது என்று மனித இனப்பெருக்கத்துக்கான ஐரோப்பியச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டலும் வலியுறுத்துகிறது.

யுத்தம் பார்த்த சமூகத்துக்குப் பழக்கமான இன்னொரு நிலையும் உண்டு. மாதவிடாய் மாதக்கணக்கில் வராமலேயே போவது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஹொங்கொங்கின் ஸ்டான்லி தடுப்பு முகாமில் இருந்த பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனதை, ஆனி சிடென்ஹாம் என்ற வைத்தியர் 1946இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் பதிவுசெய்தார். பசி, இடப்பெயர்வு, இடையறாத அச்சம் ஆகியவற்றின் கீழ் மூளையின் ஹைப்போதலமஸ் பகுதி சூலகத்துக்கான கட்டளையைக் குறைத்துவிடுகிறது. அப்போது ஸ்கான் எடுத்தால் உட்படலம் மெல்லிய கோடாகவும் சூலகங்கள் அடங்கியும் இருக்கும். கருப்பையில் பழுது எதுவுமில்லை. அது கட்டளைக்குக் காத்திருக்கிறது. பதுங்குகுழியிலும் பின்னர் முகாமிலும் மாதவிடாய் வராமல் போன பெண்கள் பலர் அதைத் தங்கள் உடலின் குறையென்று எவரிடமும் சொல்லாமலே வைத்திருந்தார்கள். கர்ப்பமில்லாத நிலையில் மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் இரத்தப் பரிசோதனையும் தேவை. தைரோயிட் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம்.

காயம்பட்ட உடல்களுக்கு

உடலில் ஷெல் துண்டுகளோடு வாழ்பவர்கள் நம்மிடையே பலர். எம்.ஆர்.ஐ. கருவியின் வலிய காந்தம் சிலவகை உலோகத் துண்டுகளை அசைக்கவோ சூடாக்கவோ கூடும் என்பதால் அந்தப் பரிசோதனைக்கு முன்னர் கட்டாயம் சொல்ல வேண்டும். அல்ட்ராசவுண்டில் அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் இடுப்பிலோ வயிற்றிலோ துண்டு இருந்தால் ஸ்கான் எடுப்பவரிடம் சொல்லுங்கள். உலோகம் மிக வெளுப்பான புள்ளியாகவும் அதன் பின்னால் நிழலாகவும் தெரிந்து, வேறு ஏதோவென்று கருதப்படலாம். வயிற்றில் செய்த பழைய சத்திரசிகிச்சைகளையும் சொல்ல வேண்டும். தழும்புகள் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து வலி தருவதுண்டு. கருவியால் மெல்ல அழுத்தி உறுப்புகள் வழுக்கி அசைகின்றனவா என்று பார்த்து அதை ஊகிக்க முடியும்.

கருத்தடை முறைகளும் படத்தையும் சுழற்சியையும் மாற்றும். கருப்பைக்குள் வைத்த லூப் ஸ்கானில் தெரியும். கையில் வைக்கும் உட்பதியம் கருப்பை ஸ்கானில் தெரியாது, ஆனால் ஒழுங்கற்ற இரத்தப்போக்குக்கு அது காரணமாகலாம். 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் போதிய விளக்கமும் சுயமான சம்மதமும் இன்றிப் பெண்களுக்கு உட்பதியங்கள் வைக்கப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. தன் உடலுக்குள் என்ன வைக்கப்படுகிறது என்று கேட்பதற்கான உரிமையைப் பற்றி அந்தக் கிராமங்களுக்கு எவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

அதே உரிமை ஸ்கான் அறையிலும் உண்டு. யோனி வழி ஸ்கான் தெளிவானது, ஆனால் கட்டாயமானதல்ல. உடலுறவு அனுபவமில்லாத பெண்களுக்குப் பொதுவாக வயிற்றின் மேலாகவே எடுப்பார்கள். பாலியல் வன்முறையை அனுபவித்தவர்களுக்கு அந்தக் கருவியே பழைய நினைவுகளைக் கிளறக்கூடும். காரணம் சொல்லாமலே மறுக்கலாம். பெண் வைத்தியரைக் கேட்கலாம். தாதியோ உறவினரோ அருகில் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். தொடங்கிய பின்னரும் “நிற்பாட்டுங்கோ” என்றால் நிறுத்தத்தான் வேண்டும்.

கொழும்பில் இரண்டாம் தடவை

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வடக்குக் கிழக்குப் பெண்கள் வைத்திய ஃபைலோடு வருவது புதிய கதையல்ல. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர், வந்தவர்கள் திரும்பிப் போவதே பெரும்பாடாயிற்று. கொழும்பில் தங்குவதற்குக் காரணம் காட்ட வேண்டியிருந்த காலம் அது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களிலிருந்து 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். சிகிச்சைக்காக வந்து தங்கியிருந்தவர்களும் அவர்களில் அடக்கம். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. ‘ஆறு வாரம் கழித்து இன்னொரு ஸ்கான்’ என்ற சாதாரண மருத்துவ ஆலோசனை அன்று எவ்வளவு கடினமானதாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இன்று வீதி திறந்திருக்கிறது. தடை பணமும் நேரமும்தான். தனியார் ஆய்வுகூடம் மட்டும்தான் வழியென்று நினைக்கத் தேவையில்லை. கொழும்பில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும், 1879இல் தொடங்கப்பட்ட டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் பெண்களுக்கான அரச வைத்தியசாலைகள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை பக்கம். அரச சேவை இலவசம், ஆனால் காத்திருக்க நேரிடும். ஊரிலே உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. குறிப்பாக 35, 45 வயதுப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைப்பது அவற்றின் முக்கிய பணிகளில் ஒன்று. இரத்தப்போக்கு, வலி பற்றிய முதற் பேச்சை அங்கேயே தொடங்கிப் பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொள்ளலாம்.

மொழியும் ஒரு தடைதான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் ஸ்கான் அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, விளக்கம் சில இடங்களில் சிங்களத்தில் வருகிறது. துணைக்குப் போகிறவர் மகனாகவோ மருமகனாகவோ இருந்தால், அந்தப் பெண் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். மாதவிடாய்த் திகதியை ஓர் ஆணின் வாயால் மொழிபெயர்க்க வைப்பதைவிடப் பிழையான திகதியைச் சொல்லிவிடுவது அவருக்கு எளிதாக இருக்கிறது. கடதாசியில் எழுதிய திகதிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

அதற்குச் சமையலறைச் சுவரிலுள்ள கலண்டரும் ஒரு பேனையும் போதும். இரத்தம் தொடங்கிய நாளில் ஒரு புள்ளி, நின்ற நாளில் ஒரு புள்ளி, வலி கடுமையான நாளில் ஒரு கோடு. நாளொன்றுக்கு எத்தனை பாட் மாற்றினீர்கள் என்பது ஓர் இலக்கம். மூன்று மாதத்துக் கலண்டர் தாள்களை ஸ்கான் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனால், அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இல்லாத செய்தி அதில் இருக்கும்.

சித்தி அடுத்த மாதம் இன்னொரு தடவை பஸ் ஏறி வந்தார். மாதவிடாய் தொடங்கியதிலிருந்து ஏழாம் நாள். உட்படலம் 5 மில்லிமீற்றராகியிருந்தது. முதல் ஸ்கானில் தடிப்புக்குள் மறைந்திருந்த சிறு பொலிப் ஒன்று இப்போது தெளிவாகத் தெரிந்தது. இரத்தப்போக்குக்குக் காரணம் அதுதான். அகற்றி, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லையென்று முடிவு வந்தது. பெரிதாகத் தெரிந்த பயம் பொய்யாகவும், கண்ணுக்குத் தெரியாதது உண்மையாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது ஒரு திகதி.

இப்போது அவருடைய வீட்டுக் கலண்டரில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. பக்கத்தில் மகளுக்கென்று நீலப் புள்ளிகளும்.